எதுக்கு வாங்கினோம்?

எங்கள் ஊரில் அப்போது கடனுக்கு ஒரு பருவம் இருந்தது. ஆடியில் வாங்குவார்கள், தையில் அடைப்பார்கள். விதைநெல், உழவு, நடவுக் கூலி, மிஞ்சினால் கிணற்றைத் தூர் வாருவது, அவ்வளவுதான். எதற்கு வாங்குகிறார் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். எங்கள் ஊரான திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கின்றன. ஆற்றில் தண்ணீர் ஓடிய ஆண்டு கடன் அடையும், ஓடாத ஆண்டு நிற்கும். அப்பாவிடம் கணக்கு நோட்டு கிடையாது. இரண்டு பேருக்குத் தரவேண்டியதை மனத்திலேயே வைத்திருந்தார்.

அதை நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். களத்தில் நெல்லைத் தூற்றி முடிப்பதற்குள் கடன் கொடுத்தவர் வந்து நிற்பார். அவர் சொன்ன விலைக்குத்தான் மூட்டை போகும். அம்மாவின் கம்மல் பலமுறை அடகுக்குப் போய் வந்தது, கடைசியாகப் போனது வரவேயில்லை. இந்தப் பிடியிலிருந்து உழவரை விடுவிக்கத்தான் பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் சென்னை மாகாண அரசுக்குப் பெரிய அறிக்கை எழுதிக் கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர்களுக்கான கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. எங்கள் ஊரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

இப்போது பருவம் போய்த் தேதி வந்துவிட்டது. என் தம்பி வீட்டில் 3-ஆம் தேதி பைக் தவணை, 5 ஃப்ரிட்ஜ், 7 போன். 10-லும் 18-லும் குழுக் கடன். மாதம் பிறந்தால் நூற்றுக்கு மூணு வட்டிக்காரர். இவை போதாதென்று சாயங்காலம்தோறும் தண்டல். தம்பி ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனி பஸ் விடியும் முன் வந்து அழைத்துப்போகும், சம்பளம் 17,000 ரூபாய். பாலாற்று மணல் போய், கிணற்று நீர் கீழே இறங்கி, எங்கள் நிலம் பாதி தரிசானபின் அந்தச் சம்பளம்தான் வீட்டை நடத்துகிறது.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளி, பாலாற்றைத் தாண்டி எங்கள் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கும் வருவார். சுற்றுப்பட்டுப் பெருமாள்களும் கூடுவார்கள். ஊர் கொள்ளாத சொந்தம் வரும். அப்பா காலத்தில் அது கடனை அடைத்து மூச்சு விடும் நாள். அடைத்ததுபோக மிஞ்சிய நெல்லில்தான் வந்தவர்களுக்குச் சோறு. இன்று அதே நாளுக்குத் துணியும் பிரியாணியும் வாங்கத்தான் ஆண்டின் முதல் கடன் தொடங்குகிறது.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு இரவு, தம்பி மனைவி ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிக் குடுங்க மாமா. எவ்ளோன்னு ஒரு தடவையாவது பாக்கணும்" என்றாள். குழுவிலிருந்து வசூலுக்கு வந்தவர் அன்று இருட்டும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்படி நெருக்கி வசூலிப்பதைத் தடுக்கத்தான் 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சட்டத்தின் பேர் யாருக்கு நினைவு வரும்?

எழுதினோம். நகைக் கடன் 1,10,000. குழுக் கடன் ஒன்றில் 38,000, இன்னொன்றில் 27,000. பைக் 48,000, ஃப்ரிட்ஜ் 14,000, போன் 9,000. மூணு வட்டிக்கு வாங்கியது 50,000, தண்டல் பாக்கி 6,400. கூட்டினால் 3,02,400. மாதம் கட்டவேண்டியது மட்டும் 15,150 ரூபாய். அதாவது சம்பளத்தில் மிஞ்சுவது இரண்டாயிரத்துக்கும் கீழே. தம்பி அந்தத் தொகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தவணையும் அவனுக்கு மனப்பாடம், மொத்தம்தான் தெரியாது.

"எல்லாம் அப்பா ஆஸ்பத்திரிச் செலவுதாம்பா" என்றார் அம்மா. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பியிருந்தோம், சொந்தக்காரர்களிடமும் அதையே சொல்லி வந்தோம். பக்கத்தில் 'எதுக்கு' என்று இன்னொரு பத்தி போட்டேன். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. வண்டிக்கும் வெளியில் வாங்கிய மருந்துக்கும் துணைக்கு இருந்தவர்கள் சாப்பாட்டுக்கும் சேர்த்தே 11,000-தான். நகைக் கடனில் மீதி 99,000 தம்பியின் மூத்த மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தது: மண்டபம், ஃப்ளெக்ஸ், பந்தி. வந்த மொய்யும் திருப்பிச் செய்யவேண்டிய கடன்தான். கறவை மாடு வாங்குவதாகச் சொல்லி எடுத்த முதல் குழுக் கடன், தம்பியின் மச்சான் கல்யாணத்துக்குச் சீராகிவிட்டது. 83,400 ரூபாய்க்கு நேரே எழுத எந்தப் பொருளும் இல்லை. அது பழைய டியூ கட்டுவதற்காக வாங்கிய புதுக் கடன்.

இதற்காகத் தம்பியைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. அவன் மகளுக்கு ஒரு மேடை வேண்டும் என்று நினைத்தது தப்பா? அப்பா ஆயுளில் ஒரு விழாவிலும் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வண்டி வேண்டும், வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜும் வேண்டும். என்னை உறுத்துவது வேறு. ஒவ்வொரு செலவும் மாதம் இரண்டாயிரம், வாரம் ஐந்நூறு என்று சிறிதாக நறுக்கப்பட்டுத்தான் வீட்டுக்குள் வந்தது. முழுத்தொகையை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

நகை விஷயம் அதைவிட மோசம். பவுன் விலை ஏறியபோதெல்லாம் அதே சங்கிலியைத் திருப்பி, அன்றே கூடுதல் தொகைக்கு மறுபடி வைத்தார்கள். விலை ஏறியதை வருமானம் வந்ததாகவே எண்ணிவிட்டார்கள். இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. அவசரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் சங்கிலியில் நமக்கென்று மிஞ்சும் பங்கு இன்னும் மெலியும்.

அதே ரிசர்வ் வங்கி, 2022 முதல் குறுங்கடன் தருபவர்கள் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகாதபடி பார்க்கவேண்டும் என்கிறது. தம்பிக்கு அது 8,500. ஆனால் மூணு வட்டியும் தண்டலும் எந்தப் பதிவேட்டில் ஏறும்? தண்டலில் பத்தாயிரம் என்றால் கைக்கு வருவது ஒன்பதாயிரம், நாளுக்கு நூறாக நூறு நாள் கட்டவேண்டும். அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 80 விழுக்காட்டைத் தொடுகிறது. நிக்கல்சன் காலத்திலிருந்து யாரிடமிருந்து உழவரைக் காப்பாற்ற இத்தனை ஏற்பாடும் நடந்ததோ, குழு டியூவைக் கட்ட கடைசியில் அவரிடமே போய் நின்றிருக்கிறோம்.

எங்கள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது, சுமார் 1069-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனைக்கு ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் எவ்வளவு என எழுதியிருக்கிறார்கள். இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள், இரவில் எரியும் விளக்கு, பாடசாலை மாணவரின் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய், எதுவும் விடுபடவில்லை. எங்கள் வட்டத் தலைநகரான உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டோ, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் தேர்தலுக்கே தகுதியற்றவர் என்று ஒதுக்கியது. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுச் செலவை எழுதும் பழக்கத்தை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எந்தக் கடனை முதலில் முடிப்பது என்பதில்தான் சண்டை வந்தது. வட்டி அதிகமானதை முதலில் என்றேன் நான். தம்பி மனைவி கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி, "இத வித்துடலாம்" என்றாள்.

அம்மா பதறிப்போனார். "வெச்சாலாவது திரும்பும். வித்தா திரும்புமா?"

"வெச்சதும்தான் திரும்பலையே அத்தை."

வளையலை விற்றுத் தண்டலையும் மூணு வட்டியையும் முடித்தோம். மாதம் 4,500 குறைந்து இப்போது 10,650 நிற்கிறது. போனும் ஃப்ரிட்ஜும் முடிந்தால் 7,400 ஆகும், பாதி வரம்புக்குள் வந்துவிடும். நகைக் கடன் அப்படியே இருக்கிறது. இனி மறுவைப்பு இல்லை என்று தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். சின்னவளுக்குக் காதுகுத்து வைக்கவேண்டும். கோயிலில் வைத்து வீட்டில் சோறு போடலாம் என்கிறாள் அவன் மனைவி. அக்காவுக்கு மண்டபம், தங்கைக்கு இல்லையா என்று கேட்பார்களே என்கிறார் அம்மா. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.