அரைத்துணி ஆராய்ச்சி

கரமனை அக்ரஹாரத்தில் தெருவுக்கு ஒரு சரித்திர நாவலாசிரியர் உண்டு. பெரும்பாலும் ஏஜீஸ் ஆபீஸில், அதாவது சர்க்கார் கணக்குத் தணிக்கையில், இருந்து ரிட்டயரானவர். எங்கள் தெரு மாமாவின் நாயகன் வேணாட்டு மன்னன் ரவிவர்ம குலசேகரன். கொல்லத்திலிருந்து படை கொண்டுபோய் 1312 வாக்கில் காஞ்சிபுரத்தில் வேகவதிக் கரையில் முடிசூடியவன். நாவலில் அவன் இன்னும் படுக்கையறை வாசலைத் தாண்டவில்லை. ‘மன்னன் வெளியே வந்தான். அவன் உடுத்தியிருந்தது’ என்ற இடத்தில் பேனா நின்று பதினோரு வருஷம் ஆகிறது.

“ஏன்னா, அந்த ராஜா வாசல்லயே நிக்கறானே, ஒரு துண்டையாவது கொடுங்கோளேன்” என்பாள் மாமி.

கொடுப்பாரா? வவுச்சர் இல்லாமல் ஒரு முழம் துணி பாஸ் பண்ணாத கை அது.

ஆதாரம் தேடிக் குதிரைமாளிகை அரண்மனைக்குப் போனார். சுவாதித் திருநாள் கட்டியது; ஐந்நூறு வருஷம் பிந்தி. சித்ரா ஆர்ட் காலரிக்குப் போனால் அங்கே இருந்தது ஓவியர் ரவிவர்மா வரைந்த படங்கள். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. பலராமபுரத்தில் ஒரு தறிக்காரரை மடக்கி, “1312-ல் வேட்டிக்குக் கரை எத்தனை விரல்?” என்றார். அங்குள்ள சாலிய நெசவாளர்களையே தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தது 1800-ஐ ஒட்டி, பாலராமவர்மா காலத்தில்தான். தறிக்காரர் பாவம், “டபிளா, சிங்கிளா சாரே?” என்று கேட்டார். இப்படிப் போய்ப் போய் மாமாவிடம் பத்து வேட்டி சேர்ந்துவிட்டது. ராஜாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் நேரில் பார்த்த சாட்சி ஒருவர் அகப்பட்டார்: மார்க்கோ போலோ. 1290-களில், அதாவது நம் ராஜா உயிரோடு இருக்கும்போதே, இந்தப் பக்கம் வந்தவர். பாண்டிய நாட்டில் தையல்காரனே கிடையாது, வெட்டித் தைக்க அங்கே யாருக்கும் உடுப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அரசனுக்கும் மற்றவர்கள் போல இடுப்பில் ஒரு துணிதான். வித்தியாசமெல்லாம் மேலே தொங்கிய ரத்தினத்திலும் முத்திலும்.

மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது: அவர் குறிப்பு நோட்டில் சதித்திட்டத்தின் சூத்திரதாரியே அரண்மனைத் தையல்காரன். வெல்வெட் அங்கிக்குள் ஓலையை வைத்துத் தைத்து அனுப்புகிறவன்! வெல்வெட் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது என்று யார் போய்ச் சொல்வது?

“அது பாண்டிய நாடு. நம்மது வேணாடுடா” என்று ஒருநாள் எழுந்து உட்கார்ந்தார். மார்க்கோ போலோ கொஞ்சம் தள்ளிக் கொல்லத்தைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. வயதானவர்.

அதற்குப் பதில், ஒரு விடியற்காலை அவரைப் பத்மநாபசுவாமி கோயில் கிழக்கே நடைக்குக் கூட்டிப்போனேன். சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிய பேங்க் மேனேஜர். ஜீன்ஸைக் கழற்றிவிட்டு வாடகை முண்டை இறுக்கத் தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கும் டெக்னோபார்க் பையன். கழுத்தில் ஆறு பவுன் சங்கிலியோடு திறந்த மார்பாக ஒரு நகைக்கடைக்காரர்.

“மாமா, இதோ உங்க 1312” என்றேன்.

மாமா அந்தச் சங்கிலியைப் பார்த்தார். குனிந்து தன் இடுப்பையும் பார்த்துக்கொண்டார். வீடு வரைக்கும் பேசவில்லை.

ராத்திரி பத்து மணிக்குப் போன்.

“உடுத்தி விட்டுட்டேன்டா. வெளியிலயும் வந்துட்டான்.”

“அப்பாடா!”

“இருடா. முற்றத்தில் கால் வைக்கணும். காலில் என்ன போட்டிருந்தான்?”