நிறுவற்பதிவுகளின் ஆயுள்: பன்னிரண்டு என்னும் எண் குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரை

டெபியன், உபுண்டு கணினிகளில் மென்பொருள் நிறுவிய வரலாறு எத்தனை காலம் தங்கும் என்று கேட்டால், 'பன்னிரண்டு மாதம்' என்று சொல்லிவிட்டு உறங்கப் போகிறவர்களே பெரும்பான்மையர். அவர்கள் கூற்று பொருந்தாது என்பது நம் துணிபு. டிபிகேஜி என்னும் நிறுவற்கருவி எழுதும் லாக்கை மாதந்தோறும் சுழற்றுக (பழையதை ஒதுக்கிவிட்டுப் புதுக்கோப்பு தொடங்குக), பழையவற்றில் பன்னிரண்டை வைத்துக்கொள்க என்பதே லாக்ரொட்டேட் என்னும் பதிவுசுழற்றிக்கு இட்ட விதி. பன்னிரண்டு என்பது கோப்புக் கணக்கு. மாதக் கணக்கு அன்று. அதே விதியில் 'நாட்இஃப்எம்ப்டி' என்றொரு வரியும் உண்டு: வெறுங்கோப்பைச் சுழற்றாதே. ஆகவே எதுவும் நிறுவாத மாதத்தில் சக்கரம் நகராது. ஆண்டுக்கொருமுறை மட்டும் புதுப்பிக்கப்படும் சர்வர் பன்னிரண்டு ஆண்டுக் கதையை நினைவில் வைத்திருக்கும். நாள்தோறும் தன்னைப் புதுப்பிக்கும் சுறுசுறுப்பான கணினி ஓராண்டில் மறந்துவிடும். வரலாறு சோம்பேறிகளின் பக்கமே நிற்கிறது.

பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு அத்தனை மாதம் என்ற விளக்கத்தை ஆய்வுலகம் ஏற்காது; அது எளிதாகப் புரிந்துவிடுகிறது. ராசி பன்னிரண்டு என்பார் ஒரு சாரார். உயிரெழுத்து பன்னிரண்டு என்பார் மறுசாரார். இருவரையும் மறுக்கிறது 'சுழற்சிச் சூத்திர விருத்தி'யின் நான்காம் பதிப்பு (இந்நூல் இன்னும் எழுதப்படவில்லை, இரண்டாம் பதிப்பைக் கரையான் அரித்தது, முதற்பதிப்பு மூன்றாவதற்குப் பின் வரும்). எண்ணிடாத பக்கத்தில், கீழிருந்து ஏழாம் வரியின் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பில், நடப்புக் கோப்பையும் சேர்த்தால் மொத்தம் பதின்மூன்று என்று அது காட்டுகிறது. அப்படியானால் பதினான்காவது கோப்பு? அது அழிக்கப்பட்டது, எனவே உலகின் எல்லா மென்பொருளும் முதன்முதலில் அதில்தான் பதிவாகியிருந்தன என்று நிறுவிவிடலாம். கைக்குக் கிடைக்காத சுவடியைப் பற்றித்தானே முனைவர்கள் ஐயமின்றிப் பேசுகிறார்கள்!

நிறுவும்போது திரையில் ஓடுவதை ஏபிடி எழுதிவைக்கும் டெர்ம் லாக் பற்றி: ரூட்டும் 'adm' குழுவினரும் மட்டுமே அதைப் படிக்க முடியும், எனவே யாரும் படிப்பதில்லை.

இனி, அந்தப் பன்னிரண்டைக் கூட்டுவோம் என்றால் எழும் தடைகள். லாக்ரொட்டேட்டின் 'மேக்ஸ்ஏஜ்' கொண்டு நாட்கணக்கில் ஆயுள் குறிக்கலாமே என்பர். அந்த வயதும் கோப்பைச் சுழற்றும்போதுதான் பார்க்கப்படுகிறது. சுழலாத இடத்தில் எமனுக்கும் விடுமுறை. வட்டில் இடம் போதாது என்பது அடுத்த தடை; சுருக்கி வைத்த வெற்று உரைக்கு வேண்டிய இடம் சொற்பம். பழைய பதிவு யாருக்கு வேண்டும் என்பது மட்டுமே விடைபெறத் தக்க கேள்வி. ஒரு மென்பொருள் தொகுப்பை முதன்முதலில் எப்போது நிறுவினோம் என்பதை டிபிகேஜியின் தரவுத்தளம் குறித்து வைப்பதில்லை. தொகுப்பின் கோப்புப்பட்டியலில் உள்ள தேதியோ ஒவ்வொரு மேம்படுத்தலிலும் மாறிவிடும். லாக்கின் வரிதான் சான்று. மிகப் பழைய வரி என்பதால் முதலில் அழிவதும் அதுவே. ஆகவே பன்னிரண்டை நூற்றிருபது ஆக்குக. துணிவுடையோர் 'ரொட்டேட் -1' எழுதி அழிவையே நிறுத்துக. பின்னொரு நாள் அந்த விதிக்கோப்பின் புதிய வடிவம் வரும்போது, உங்கள் திருத்தத்தை வைத்துக்கொள்ளவா என்று டிபிகேஜி கேட்கும். ஆம் என்றால் 'கீப்' என்று ஒரு வரி பதிவாகும், அதே டிபிகேஜி லாக்கில்.