மூக்கு கருத்த அகலும் திரும்பிப் போன காசும்: ஓர் ஆய்வு

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை, வேப்பூரில் இவ்வாய்வாளரின் கைப்பேசிக்கு விற்பனைத் தளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வாங்கியவர் 24 அகல் விளக்குகளையும் திருப்பி அனுப்புகிறார். காரணம்: "பொருள் தேவைப்படவில்லை". தேவை முந்தைய இரவோடு தீர்ந்திருக்கலாம் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். பணம் அன்றைக்கே அவர் கணக்குக்குப் போய்விட்டது. விளக்குகள் வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று.

கொடுத்ததைத் திரும்பப் பெறும் துறையின் முன்னோடி சுந்தரர். திருமுதுகுன்றத்தில், அதாவது நம் விருத்தாசலத்தில், இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகவே சொல்கிறார். இதைப் பணப் பரிமாற்றத்தின் முதல் சான்றாகக் காட்டிப் புளகாங்கிதம் அடைவோர் உண்டு. அவர்கள் கோட்டைவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஆற்றில் போடுமுன் சுந்தரர் பொன்னில் கொஞ்சம் மச்சம், அதாவது மாதிரி, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் வந்த பொன் மாற்றுக் குறைந்திருந்தது. கையிலிருந்த மச்சத்தோடு ஒப்பிட்டதால்தான் அது தெரிந்தது. விடாமல் பாடினார், மாற்றும் சரியாயிற்று. உரைத்துப் பார்த்தவர் என்ற பெயரோடு மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் திருவாரூரில் இருக்கிறார்.

அந்தப் பதவிக்கு இப்போது குறைதீர் அலுவலர் என்று பெயர். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் பழுதாயிருந்தாலோ, போலியானாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாள் கடந்து போனாலோ விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நியாயம்தான். தீபத்தன்று நன்றாக எரிந்த விளக்கு இவற்றில் எதில் அடங்கும் என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

ஒப்பீட்டுக்கு வேப்பூர் ஆட்டுச் சந்தையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை கயிறு கைமாறினால் முடிந்தது வியாபாரம். அடுத்த வெள்ளி வெறுங்கயிற்றைக் கொண்டுவந்து, "ஆடு தேவைப்படல, காசைக் குடுங்க" என்று எவரும் நின்றதாகத் தரவு இல்லை.

இனி விளக்குகளுக்கு வருவோம். 21 விளக்குகளின் மூக்கில் கரி துடைக்கப்பட்டிருந்தது. மூன்றை மறந்துவிட்டார்கள், அல்லது துடைத்தவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பினேன். கருநிறம் பொருளின் இயல்பான வடிவமைப்பாக இருக்கலாம் என்று பதில் வந்தது.

ஆகவே ஆய்வகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஆய்வகம் என்பது எதிர்வீட்டு மளிகைக்கடைத் தராசு. செராமிக் தொழிலில் நீர் உறிஞ்சும் சோதனை என்று ஒன்று உண்டு. காய்ந்த பொருளை நிறுத்து, ஊறவைத்து, மறுபடி நிறுப்பார்கள். கூடிய எடை மண்ணின் துளைகளுக்குள் புகுந்த நீர். நம் விளக்குகள் கிளேஸ் போடாதவை. தண்ணீரைப் போலவே எண்ணெயையும் குடிக்கும். அதே சூளையில் அதே நாளில் இறக்கிய விளக்குகள் நம் கடையில் மீதி இருந்தன. அவையே நம் மச்சம். எரியாத 24 விளக்குகள் 960 கிராம். திரும்பி வந்த 24, 1,030 கிராம். மழை விட்ட இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டும் எடை இறங்கவில்லை, நீராயிருந்தால் ஆவியாகியிருக்கும். மோந்து பார்த்ததில் நல்லெண்ணெய். தாராளமாகவே ஊற்றியிருக்கிறார்கள்.

"ஏங்க, எண்ணெய் அவங்களுதுதானே, அதுக்கும் காசு கேப்பாங்களோ?" என்றார் மனைவி. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று சுந்தரரின் மனைவி பரவையார் சிரித்ததைப் புராணம் பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்கு வீடு இந்த ஆய்வுநெறி மாறுவதில்லை.

எடைச்சீட்டு, படங்கள், இரண்டு பக்க விளக்கம் எல்லாவற்றையும் அனுப்பினேன். எட்டாம் நாள் தீர்ப்பு வந்தது: திரும்பப் பெற்ற பொருளின் எடை குறையவில்லை என்று தாங்களே தெரிவித்திருப்பதால், விற்பனையாளருக்கு இழப்பு ஏதும் இல்லை. புகார் மூடப்பட்டது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நம்மை அவர் ஊருக்கு இழுக்கலாம். விற்றவருக்கு அந்த வாசலே கிடையாது, அவர் நுகர்வோர் அல்லர். ஆனால் அந்த 70 கிராம் எண்ணெயைப் பொறுத்தவரை, நுகர்ந்து பார்த்தவன் நான்தானே என்ற வாதத்தை ஒரு வக்கீல் நண்பரிடம் வைத்துப் பார்த்தேன். அவர் டீக்குச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இவ்வாண்டு கார்த்திகைக்குப் பத்து நாள் முன்பு, அதே முகவரியிலிருந்து 36 விளக்குகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. தராசைத் துடைத்து வைத்துவிட்டு விவரத்தைப் படித்தேன். இம்முறை கிளேஸ் போட்டவை கேட்டிருக்கிறார். கிளேஸ் கண்ணாடிப் பூச்சு. சூளையில் உருகித் துளைகளை அடைத்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே இறங்காது. அவர் விருத்தாசலம் செராமிக் பயிலகத்தில் படித்தவரா என்பது அடுத்த ஆய்வுக்கு உரியது.