இன்னும் ரெண்டாயிரம் போட்டா…

சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்றே அதற்கு நாலு பேர் உரிமை கொண்டாடுவார்கள். எனக்கு வந்தது பதினைந்தாயிரம். டிவிக்கென்றே கட்டிய சீட்டு என்பதால் மற்ற கோரிக்கைகள் எல்லாம் தள்ளுபடியாகி, எந்த டிவி என்பதில் மட்டும் வீடு நாலாகப் பிரிந்தது. வீட்டில் இருப்பதே நாலு பேர்தான்.

நெல்லிக்குப்பம் என்றால் வெளியூர்க்காரர்கள், "ஓ, நிலக்கரி எடுக்கிற ஊர்தானே?" என்பார்கள். அது நெய்வேலி. எங்கள் ஊரில் இருப்பது சர்க்கரை ஆலை. பாரி கம்பெனி 1842-ல் ஆரம்பித்தது. நிலக்கரியும் கரண்டும் நெய்வேலியின் சொத்து. எங்களுக்கு அங்கிருந்து தடையில்லாமல் வருவது அறிவுரை மட்டும். இரண்டாம் சுரங்கத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்ட என் பெரியப்பா அதை போன் வழியாக அனுப்பிக்கொண்டே இருப்பார்.

அதுவரை வீட்டில் இருந்தது இலவச டிவி. 2006 தேர்தலில் கலைஞர் வாக்குக் கொடுத்து, ஒன்றரைக் கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போன 14 அங்குல கலர் டிவி. என் மாமனார் அதற்கு முன்பே 21 அங்குல டிவி ஒன்றை மனதில் வைத்து ஆசாரியிடம் ஷோகேஸ் செய்து வாங்கியிருந்தார். அந்த 21 வரவே இல்லை. 14 வந்து உட்கார்ந்தது. மிச்ச இடத்தில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் என் பையன் வாங்கிய கோலிக்குண்டு பாட்டிலும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோதுகூட டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு சீரியல் நடுவே, மாமியார்க்காரி வாயைத் திறந்த நேரம், படம் மொத்தமும் சுருங்கி நட்டநடுவில் வெள்ளைக்கோடாக நின்றது. குரல் மட்டும் வந்தது. "வெர்டிகல் ஐ.சி. போயிடுச்சு, இனிமே கிடைக்காது" என்று மெக்கானிக் கையை விரித்தார். அத்தை ஒரு வாரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சீரியல் கேட்டார்.

தீபாவளிக்கு முன்னால் கடலூர் போவதென்று முடிவானது. வீட்டுக்காரர் மட்டும், "பாண்டிச்சேரி போனா மலிவாக் கிடைக்கும்" என்றார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து டிவிக்குப் பாண்டியிலும் அதே வரி, கடலூரிலும் அதே வரி. அங்கே இன்னும் மலிவாகக் கிடைப்பது எது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடலூர் லாரன்ஸ் ரோடுக்கே போனோம்.

கடை வாசலில் 'ஜி.எஸ்.டி. குறைப்பு, விலை சரிவு' என்று பேனர். உள்ளே போய் விசாரித்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆனது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்குத்தான். 32-க்கும் அதற்குக் கீழேயும் 2019 ஆரம்பத்திலிருந்தே 18. ஏழைக்குக் குறைத்தது ஆறு வருஷம் முன்னாலேயே குறைத்தாகிவிட்டது, இப்போது பெரிய டிவிக்காரர்களின் முறை. பேனரில் இதை எழுத இடம் இல்லை போலிருக்கிறது.

விற்பனைத் தம்பி நல்ல பையன். "பட்ஜெட் எவ்ளோக்கா?" என்றார். சொன்னேன். பதினோராயிரத்துச் சொச்சத்தில் சாதா 32 ஒன்றைக் காட்டிவிட்டு, "இன்னும் ரெண்டாயிரம் போட்டா ஸ்மார்ட் டிவி வந்துடும்க்கா" என்றார். நியாயம்தான், யூடியூப் வேண்டாமா என்று பையன் கண்ணாலேயே கெஞ்சினான். ஸ்மார்ட் பக்கம் நகர்ந்தோம். "இன்னும் ரெண்டாயிரம் போட்டா கியூஎல்இடி." நகர்ந்தோம். "இதுக்கு மேல ரெண்டாயிரம் போட்டா நாப்பது இன்ச், ஃபுல் எச்.டி." வீட்டுக்காரர் நகர்ந்தார். "அதுக்கு மேல…" என்று தம்பி ஆரம்பிப்பதற்குள் நாங்கள் மாடி ஏறி, இருபத்தெட்டாயிர ரூபாய் 43 அங்குல ஃபோர்-கே முன்னால் நின்றோம். ஒவ்வொரு ரெண்டாயிரமும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற தொகை. மாடியில் வட்டியில்லாத் தவணைக்காரர் மேஜை போட்டுக் காத்திருந்தார். வட்டி கிடையாது, 'ப்ராசஸிங் ஃபீஸ்' மட்டும்தான். ஆதார் கார்டு கையில் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்காரர் பர்ஸைத் திறந்தே விட்டார், அத்தைதான் காப்பாற்றினார்.

அத்தை தையல்காரர். எங்கே போனாலும் பையில் இன்ச் டேப் இருக்கும். தம்பி அசந்த நேரம் ஒரு 32-ஐ இடமிருந்து வலம் அளந்துவிட்டு, "இருபத்தெட்டுதான் இருக்கு. நாலு இன்ச் ஏமாத்துறியே தம்பி" என்று உரக்கக் கேட்டார். கடை அமைதியானது. மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும் என்று தம்பி விளக்கினார். "ஜாக்கெட்டுத் துணிய குறுக்கால அளந்து வித்தா நீ வாங்குவியா?" என்றார் அத்தை. இதற்கு எந்தக் கம்பெனியும் இதுவரை பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அத்தையின் அளவு வீணாகவும் இல்லை: ஷோகேஸ் ஓட்டை 26 அங்குல அகலம். 32 அதற்குள் நுழையாது, 24 நுழையும். மாமனார் செய்த ஷோகேஸில் கை வைக்கக்கூடாது என்பதால் 24 போதும் என்பது அத்தையின் கட்சி. உயர்தொழில்நுட்பம் வளர்ந்து வளர்ந்து கடைசியில் ஆசாரியின் உளிக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

பையன் செல்போனில் தேடிக்கொண்டே ஒரு தகவல் சொன்னான்: இந்த மலிவு பிராண்டுகளில் பலதும் சொந்தமாக எதையும் செய்வதில்லை, டிக்சன் மாதிரி ஒப்பந்தக் கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன, டிக்சனுக்குத் திருப்பதியில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. திருப்பதி என்றதும் அத்தை திரும்பினார். "மொட்டை போடத்தானே அங்க போவாங்க? இங்க கடையிலேயே போடுறாங்களா?"

அந்த மாடியில் ஓடிக்கொண்டிருந்த படத்தையும் சொல்ல வேண்டும். பஞ்சவர்ணக்கிளி சிறகை விரிக்கிறது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. மாதுளை பிளக்கிறது. தேன் வழிகிறது. பெண்டிரைவில் போட்டுக் கொடுத்த ஃபோர்-கே படம், பளிச்சென்று காட்டும் அமைப்பில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்தது. கடையில் இருக்கும் வரை எல்லா டிவியும் கிளியைத்தான் காட்டும். எங்கள் வீட்டில் கிளி ஓடாது. கேபிள் ஓடும். "தம்பி, இதுல நம்ம லோக்கல் கேபிளைப் போட்டுக் காட்டுங்களேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பள ரசீதைக் கேட்டவரைப் பார்க்கிற பார்வை. கனெக்‌ஷன் இல்லை என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கீழே வந்து பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் டிவியைப் பற்றிப் பேசவில்லை, சுரங்கத்தைப் பற்றிப் பேசினார். அவர் எப்போதும் சுரங்கத்தைப் பற்றித்தான் பேசுவார், ஆனால் அன்றைக்குப் பொருத்தமாக இருந்தது. "ஏம்மா, பக்கெட் வீல் எவ்ளோ பெருசா வாங்கினாலும் கன்வேயர் பெல்ட்டு எவ்ளோ இழுக்குதோ அவ்ளோதாம்மா வெளிய வரும். உன் வூட்டு பெல்ட்டு என்னா? அதச் சொல்லு மொதல்ல."

எங்கள் வீட்டு பெல்ட் என்பது, ஷோகேஸ் மேல் உட்கார்ந்திருக்கும் கேபிள் பாக்ஸ். அதிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று முனை வயர். மஞ்சள் முனை தளர்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. அந்த மஞ்சள் வழியாக வரும் படத்தில் 720-க்கு 576 என்று நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். 32 அங்குல 'எச்.டி. ரெடி' டிவியில் பெரும்பாலும் 1366-க்கு 768, சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி.யில் இருபது லட்சத்துக்கு மேல். ஃபோர்-கே என்றால் எண்பத்து மூன்று லட்சம். நாலு லட்சத்தை வாங்கி எண்பத்து மூன்று லட்சமாகக் காட்டச் சொன்னால் மீதியை டிவி யூகித்துத்தான் நிரப்ப வேண்டும். யூகம் எல்லா நேரமும் சரியாக இருக்காது. கதாநாயகியின் மூக்கு கொஞ்சம் கரைந்துபோகும்.

பையன் பள்ளியில் படித்ததை வைத்து இன்னொரு கணக்கும் போட்டான். நல்ல கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரித்துப் பார்க்க முடியுமாம். அந்தக் கணக்கில் 32 அங்குல எச்.டி. ரெடியின் புள்ளிகள் ஆறடி தாண்டினால் தனித்தனியாகத் தெரியாது. 43 அங்குல ஃபோர்-கேயின் புள்ளி தெரிய வேண்டுமென்றால் மூன்றடிக்குள் போய் உட்கார வேண்டும். எங்கள் சோபா எட்டடியில் இருக்கிறது. அத்தை பத்தடி தள்ளி மிஷினில் உட்கார்ந்தபடி பார்ப்பவர், ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று வரிசையில் நிற்கிறது. இந்த வீட்டில் எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகளை எண்ணுவதற்கு ஆள் கிடையாது.

மறுபடி படியேறிப் போய், தம்பி முதலில் சொன்ன ரெண்டாயிரத்தோடு நிறுத்திக்கொண்டு 32 அங்குல ஸ்மார்ட் டிவியை எடுத்தோம். மிச்சத்தில் கேபிள்காரத் தம்பியிடம் எச்.டி. பாக்ஸ், ஒரு எச்.டி.எம்.ஐ. வயர். பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்குக் கடையில் சிரித்தார்கள். அது இன்னும் பரண் மேல் இருக்கிறது. ஷோகேஸும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஆணியடித்துப் புது டிவியை மாட்டினோம். ஓட்டையில் பொம்மை தாராளமாகத் தலையாட்டுகிறது.

ரப்பர் பேண்ட் வயரைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. போட்ட அன்று வித்தியாசம் அத்தைக்கே தெரிந்தது. சீரியலில் வில்லியின் புடவை ஜரிகையைப் பார்த்து, "அசல் இல்ல, டெஸ்டட் ஜரிகை" என்று தீர்ப்புச் சொன்னார். இருபது வருஷமாகப் பட்டு என்று நம்பி வந்தவர்.

பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'நாடோடி மன்னன்' போட்டார்கள். 1958 படம், அந்தக் காலத்துத் திரை நாலுக்கு மூன்று என்ற கணக்கில் கிட்டத்தட்டச் சதுரம். புது டிவி பதினாறுக்கு ஒன்பது. நடுவில் படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து எதையோ அமுக்க, படம் முழுத்திரைக்கும் விரிந்தது. அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போனது. அதில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். மன்னரும் குண்டு, நாடோடியும் குண்டு.

அத்தை மிஷினை நிறுத்தினார். "தலைவர் எப்படா இவ்ளோ பெருத்தாரு?"

ஜூம் போட்டுப் பார்த்தோம். பழைய உடம்பு வந்தது, கிரீடம் போனது. அத்தை கறுப்புப் பட்டையே இருக்கட்டும் என்றார். வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கிறவர்: அந்த இரண்டு பட்டையும் சேர்ந்தால் திரையில் சரியாகக் கால்வாசி. "காசு கொடுத்து வாங்கின டிவில கால்வாசிய சும்மாப் போடறதா? மூவாயிரம் ரூபாம்மா!" தலைவரை ஒல்லியாக வைத்திருக்க மூவாயிரம் ஒரு தொகையா என்று அத்தை கேட்டார்.

இரண்டு ஞாயிறு இப்படிப் போனது. மூன்றாவது வாரம் அத்தை, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸில் மிஞ்சிய அரக்கு வெல்வெட்டை எடுத்து, தலா மூன்றரை அங்குல அகலத்தில் இரண்டு பட்டை வெட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்துத் தைத்து, டிவியின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். கறுப்பு மறைந்துவிட்டது. வீட்டுக்காரர் தூரப் போய் நின்று பார்த்து, "பழைய தியேட்டர் மாதிரி இருக்குல்ல?" என்றார். கால்வாசி வீணாவது பற்றிப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

மேட்ச் அன்றைக்கு மட்டும் திரையை ஒதுக்க வேண்டும். அதற்கு மேலே கம்பியும் வளையமும் வைத்துத் தர முடியும், கூலி இருநூறு, வெல்வெட் தனி என்று அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் நூறு போட்டால் கயிறு இழுத்தால் திறக்கிற மாதிரி செய்து தருவாராம்.