எட்டு போட்டால் நாலு!

கேள்வி: எங்கள் காய்கறி மொத்த வியாபாரக் கணக்கு விண்டோஸ் சர்வர் 2003 ஸ்டாண்டர்ட், 32 பிட்டில் ஓடுகிறது. 8 ஜிபி ராம் போட்டும் 4-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறதே? பூட்.ஐஎன்ஐ-யில் '/3ஜிபி' சேர்த்தால் சரியாகுமா?
- வாசகர், கியா பார்ம், கேமரன் மலை

பதில்: ராம் மேல் குற்றமில்லை. 32 பிட்டில் முகவரி எழுதினால் சுமார் 429 கோடி பைட்டோடு எண் தீர்ந்துவிடும். கதவு எண் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்? பிஏஈ என்ற முகவரி நீட்டிப்பு வசதி 36 பிட் முகவரி தரும்தான். ஆனால் ஸ்டாண்டர்ட் பதிப்பின் உரிமம் 4 ஜிபியிலேயே கையை விரித்துவிடும். எண்டர்பிரைஸ் பதிப்போ 32 ஜிபி, சர்வீஸ் பேக் 1 போட்டால் 64 ஜிபி வரை வாய் திறக்கும். எல்லாம் காசு!

'/3ஜிபி' ராமைக் கூட்டாது. 4 ஜிபி மெய்நிகர் இடத்தில் பாகப்பிரிவினை மட்டும் செய்யும்: அதற்கென எழுதிய நிரலுக்கு 2-க்குப் பதில் 3, கெர்னலுக்கு 1. கெர்னல் அரைப்பட்டினி கிடந்தால் சர்வர் தள்ளாடும்.

மைக்ரோசாப்ட் ஆதரவும் 2015 ஜூலை 14-உடன் முடிந்தது. உங்கள் ஊர்க் குளிர் ஏசி செலவை மிச்சப்படுத்தும், முகவரியை நீட்டாது. 64 பிட்டுக்கு மாறிவிடுங்கள். இல்லையேல் கூடுதல் ராமை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அவர் கண்ணுக்கும் 4 ஜிபிதான் தெரியும்!