கிட் மென்பொருளில் முற்றுப்புள்ளி நீக்கம்: ஓர் ஆய்வு

பெரிய மாற்றங்களைப் பற்றி எழுத ஆளுண்டு. 2005 ஏப்ரலில் நிரல்பதிப்புகளைக் கையாளும் பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் லினக்ஸ் குழுவின் கைவிட்டுப் போனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட்டை எழுதியதும், ஜூலையில் அதை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்ததும் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. இவ்வாய்வின் எல்லை அதனினும் குறுகியது: பிழைச்செய்தியின் கடைசியில் நிற்கும் ஒற்றைப் புள்ளி. அதை அகற்றுவது எப்படி?

அகற்றத்தக்கது என்பதற்குச் சான்று உண்டு. ஒற்றை வாக்கியப் பிழைச்செய்தி புள்ளியில் முடியக் கூடாது என்கிறது கிட்டின் நிரல்நெறி ஆவணம். ஆக, புள்ளி குற்றவாளிதான். தண்டனையை நிறைவேற்றும் முறையில்தான் இலக்கணம் குறுக்கிடுகிறது.

மாற்றத்தைத் தாங்கிய பேட்சுடன், அதை விளக்கும் ஒரு கமிட் செய்தி போக வேண்டும். தலைப்பு 50 எழுத்துக்குள் அடங்குவது நலம். இருக்கும் குறையை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். செய்யும் மாற்றத்தை ஏவலில். 'புள்ளியை நீக்கினேன்' என்பது வழு. 'இப்பேட்ச் புள்ளியை நீக்குகிறது' என்பதும் வழு. 'புள்ளியை நீக்கு' என்று நிரலுக்கே ஆணையிடுவதுதான் மரபு. வீட்டில் யாரையும் ஏவிப் பழக்கமில்லாத புதியவரும் இங்கே ஏவியாக வேண்டும். அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' ஒப்பம்: இதை அளிக்கும் உரிமை எனக்குண்டு என்ற உறுதிமொழி, 2004இல் லினக்ஸில் பிறந்தது. அளித்தது ஒன்றுமில்லை, எடுத்ததோ ஒரு புள்ளி. எடுப்பதற்கும் இவ்வுறுதி பொருந்துமா என்பதைச் சட்டம் படித்தோர் ஆராய்க.

புள்ளி தனியே சாவதில்லை. அப்பிழைச்செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை எங்காவது இருந்தால் அது தோற்கும். மொழிபெயர்ப்புக் கோப்புகளில் ஆங்கில வாக்கியமே திறவுகோல் என்பதால், ஸ்வீடிஷ், வியட்நாமியம், பல்கேரியம் என எல்லாவற்றிலும் அவ்வரி தன் இணையை இழக்கும். பேட்சைப் பரிசீலிப்போரிடமிருந்து கேள்விகள் வரும். இரண்டாம் பதிப்பு அனுப்புவீர்கள், முதலாவதிலிருந்து என்ன மாறியது என்பதற்கு ஒரு ரேஞ்ச்-டிஃப்பும் சேர்த்து. இதற்குள், நீக்கிய புள்ளி ஒன்று. அதை விளக்கிய வாக்கியங்களுக்கு வைத்த புள்ளிகள் பல. பிறகு பேட்ச் கடக்க வேண்டிய கிளைகள்: முதலில் 'சீன்' கிளை, 'நெக்ஸ்ட்' கிளை, கடைசியில் 'மாஸ்டர்'. எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஹமானோ அவ்வப்போது வெளியிடும் அறிக்கையின் பெயரே 'வாட்ஸ் குக்கிங்'. புள்ளியும் வெந்துதான் இறங்க வேண்டும்.

இனிச் சிக்கலான இடம். நடைப்பிழையைத் திருத்துவதற்காக மட்டும் நிரலைக் கிளறாதே, உண்மையான வேலை ஒன்றுக்கு முன்தயாரிப்பாக வந்தால் திருத்து என்பதும் அதே ஆவணம்தான். முரண்போல் தோன்றினும் முரண் அன்று. முன்னது புதுச் செய்தி எழுதுவோர்க்கு. பின்னது பழையதை நோண்டுவோர்க்கு. எனவே பெறப்படும் முடிபு: புள்ளியை நீக்க விரும்புபவர் அதன் பக்கத்திலேயே ஒரு நிஜப் பிழையைக் கண்டுபிடிக்கக் கடவர். புள்ளி முதல் பேட்ச், பிழைதிருத்தம் இரண்டாவது.

பிழை அகப்படாதோர்க்கு ஒரு புறனடை உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற பயிற்சித் திட்டத்தின் வழியாகக் கிட்டுக்கு வர விரும்புவோர் முதலில் ஒரு குறும்பணி செய்து காட்ட வேண்டும். சோதனை நிரலில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் 'டெஸ்ட் -எஃப்' என்பதை 'டெஸ்ட்_பாத்_இஸ்_ஃபைல்' என்று மாற்றுவது இத்தகைய குறும்பணிகளுள் பேர்பெற்றது. பழையதும் ஒழுங்காகவே வேலை செய்கிறது. தோற்றால் மட்டும் காரணம் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும். புதியது சொல்லிவிடும். ஆர்வத்தில் கண்ட கோப்பையெல்லாம் மாற்றி அனுப்பக் கூடாது. ஒருவருக்கு ஒரு குறும்பணிதான்.