ஜருகண்டி, ஜருகண்டி!

மாண்புமிகு மக்களவைக்கு,

திருப்பதியில் பெருமாளைக் கண்ணாரக் காண்பதற்குள் முதுகில் ஒரு கை விழும்: ‘ஜருகண்டி!’ (நகருங்கள்!). அந்தக் கை இப்போது தங்களிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டது போலும். 2025 ஆகஸ்ட் 20 அன்று இணையவழி விளையாட்டு மசோதா தங்கள் சந்நிதிக்கு வந்தது; அன்றைக்கே விவாதமில்லாமல், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி வெளியேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் ஜருகண்டி. 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மூன்றே நாளில் மூன்று தரிசனம்! இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய மசோதாவோ, ஆளுநர் மாளிகை வாசலில் மாதக்கணக்கில் நின்று, திரும்பி வந்து, மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அது தர்ம தரிசன வரிசை.

எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டால் எப்படி விவாதிப்பது என்பீர்கள். 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 பேரை இடைநீக்கம் செய்தபோது கூச்சல் அடங்கித்தான் போனது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்துக்கே மாற்றான மசோதா நிறைவேறியபோது எதிர்க்கட்சியினரில் பலர் அவையிலேயே இல்லை. ஆக, சத்தம் இருந்தாலும் ஜருகண்டி, இல்லாவிட்டாலும் ஜருகண்டி. அவைக் கூச்சல் எட்டாத இடம், மசோதாக்களை அலசும் நிலைக்குழு அறை. 15ஆவது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் வெறும் 16. இதற்கும் கூச்சல்தான் காரணமா?

குடும்பங்களை அழிக்கும் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் நல்ல சட்டம்தானே, எதற்கு விவாதம் என்றும் கேட்கலாம். நல்ல சட்டம் என்பதால்தான் கேட்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ரம்மி, போக்கருக்கு இருந்த தடையை, அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. புதிய சட்டமோ திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டினால் தடை என்கிறது. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன; சட்டம் இயற்றியதோ நாடாளுமன்றம். இந்த இரண்டு முடிச்சுகளையும் அவிழ்க்க ஒரு மணி நேரம் கிடைக்கவில்லையா? 543 பேரை நாங்கள் கேள்வி கேட்கத்தான் அனுப்பினோம். ‘ஆம்’ என்று கத்துவதற்கு ஓர் ஒலிப்பதிவு போதும், சம்பளமும் மிச்சம்!

மன்னிக்க வேண்டும், பக்தி மிகுதியில் குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் வேகத்துக்கு ஈடில்லை. ஒரே ஒரு குறை: திருப்பதியில் தள்ளிவிட்டாலும் கையில் லட்டு கிடைக்கும். தங்கள் சந்நிதியில் விவாதம் என்கிற அந்த லட்டை வழக்குப் போட்டு நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் வாக்காளர்